யார் வீட்டுப் பிள்ளை?

வாஷிங்டன் நகரத்தில் முன்பெல்லாம் செப்டம்பர் பிறந்ததும் பதினாறு வயதுக்காரர்களின் இரவில் ஒரு மணி நேரம் குறைந்துவிடும். பதினேழு வயது நிரம்பாதவர்கள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நள்ளிரவு 12 மணிவரை வெளியே இருக்கலாம் என்றும், மற்ற மாதங்களில் வாரநாள் இரவென்றால் 11 மணிக்கே வீடு திரும்பிவிட வேண்டும் என்றும் அந்நகரத்துச் சட்டம் வெகுகாலம் சொல்லிவந்தது. ஆகஸ்ட் 31க்கும் செப்டம்பர் 1க்கும் இடையில் ஊரும் மாறுவதில்லை, ஊராரும் மாறுவதில்லை. மாறுவது அந்த ஒரு மணி நேரம்தான். ஜில்லியன் கார், ஜெனிஃபர் டோலியாக் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். துப்பாக்கி வெடித்தால் அந்த ஓசையை அறிந்து பதிவு செய்யும் கருவிகள் நகரத்தின் பல பகுதிகளில் பொருத்தப்பட்டிருந்தன. புகார் கொடுக்க ஆளில்லாவிட்டாலும் கருவிக்குக் கேட்டுவிடும். ஊரடங்கு அமலுக்கு வந்ததும் 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையே வெடிச்சத்தம் குறைந்திருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2018இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, அது ஏறத்தாழ 150 சதவீதம் கூடியதாகச் சொன்னது.

சுடுகிறவன் சட்டத்தை மதிக்கமாட்டான் என்பது தெரிந்ததுதான். ஆனால் குறையாமலிருப்பது வேறு, கூடுவது வேறு. ஏன் கூட வேண்டும்? ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எளிமையானது. ஊரடங்குக்குக் கட்டுப்பட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் எதற்கும் கட்டுப்படுகிறவர்கள். கடைவாசலில் நின்று கதை பேசியவர்கள், படம் பார்த்துவிட்டு நடந்து வந்தவர்கள், நண்பனைப் பேருந்தில் ஏற்றிவிட நின்றவர்கள் எல்லோரும் கலைந்துபோன பிறகு, தெரு மிச்சமிருப்பவர்களின் கைக்குப் போகிறது. பார்ப்பதற்கு ஆளில்லாத இடத்தில் கை துணிகிறது. நியூயார்க்கில் தான் குடியிருந்த ஹட்சன் தெருவை வைத்து ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய நூலின் வாதமும் இதுதான்: தெருவைக் காப்பது முதலில் காவல்துறை அல்ல; சன்னலோரம் நிற்பவர், கடை சாத்தாத கடைக்காரர், வேலை முடிந்து வருகிறவர், வேலையே இல்லாமல் நிற்கிறவர் எனப் பலருடைய பார்வைதான்.

ஒரு நகரத்தின் ஒரு மணி நேரத்தை வைத்து எல்லாவற்றையும் தீர்மானித்துவிட முடியாது. ஊரடங்கு கொண்டுவந்த அமெரிக்க நகரங்களில் அதற்குட்பட்ட வயதினரின் கைதுகள் அடுத்த ஆண்டில் குறைந்தன என்று பொருளாதார ஆய்வாளர் பேட்ரிக் கிளைன் 2012இல் காட்டியிருக்கிறார். ஆனால் கைது என்பது காவலர் எங்கே நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லும் எண். 2016இல் பன்னிரண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கேம்ப்பெல் கூட்டமைப்பின் மதிப்பீடு, இந்தச் சட்டங்களால் பிள்ளைகள் செய்யும் குற்றமோ பிள்ளைகளுக்கு நேரும் குற்றமோ குறைந்ததற்குத் தக்க சான்று இல்லை என்று முடித்தது.

ஆனாலும் சட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. 1880இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஓமஹா நகரம் இதைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். குடிபெயர்ந்து வந்த தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் தெருவில் திரிவதைக் கண்டு மேட்டுக்குடி பயந்த காலம் அது. இரண்டாம் உலகப் போரில் அப்பா போர்முனைக்கும் அம்மா தொழிற்சாலைக்கும் போக, வீட்டில் தனியாக விடப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய கவலையில் அது மீண்டும் பரவியது. 1995இல் ஜான் டிலூலியோ என்ற அரசியல் அறிஞர், இரக்கமே அறியாத ‘கொடும்வேட்டை’ச் சிறுவர்களின் தலைமுறை ஒன்று வரப்போவதாக எச்சரித்தார். அடுத்த ஆண்டு அதிபர் கிளிண்டன் நியூ ஆர்லியன்ஸில் பேசும்போது பிள்ளைகளுக்கான ஊரடங்கை ஆதரித்தார். அந்த ஆண்டுகளில் ஊரடங்கை மீறியதற்காக அமெரிக்காவில் வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கைதானார்கள். எச்சரிக்கப்பட்ட தலைமுறை வரவேயில்லை. சிறார் குற்றம் அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தது. கணித்தவரே பின்னாளில் தன் கணிப்பு தவறென்று ஒப்புக்கொண்டார். சட்டங்கள் மட்டும் பல ஊர்களில் அப்படியே தங்கிவிட்டன.

இன்னொரு சங்கதியும் அமெரிக்க நீதித்துறைப் புள்ளிவிவரங்களில் அதே காலத்திலிருந்து பதிவாகிவருகிறது. பள்ளி நாட்களில் சிறார்களின் வன்முறை உச்சத்துக்குப் போவது நள்ளிரவில் அல்ல. பள்ளிக்கூடம் விட்டதும், பிற்பகல் மூன்று, நான்கு மணிவாக்கில். அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து திரும்பாத நேரம் அது. அந்த நேரத்துக்கு ஊரடங்கு போட யாருக்கும் தோன்றுவதில்லை. அப்போது செய்ய வேண்டியது வேறு: மைதானத்தைத் திறந்து வைக்க வேண்டும், நூலகத்துக்கு ஆள் போட வேண்டும், பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். எல்லாம் செலவு பிடிக்கும் காரியங்கள். இரவுக்கு ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும்.

சட்டம் எதைத் தடுக்கிறது என்பதைவிட எதைக் கேட்கிறது என்பதில்தான் என் கவனம் நிற்கிறது. சான்டியாகோ நகரத்தின் 1947ஆம் ஆண்டுச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் இரவு 10 மணிக்கு மேல் பொது இடத்தில் சும்மா நிற்பதையும், அலைவதையும், உலாவுவதையும், விளையாடுவதையும் குற்றமாக்கியிருந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்குத் தொடுத்த பிள்ளைகள் என்னென்ன செய்ய முடியவில்லை என்று முறையிட்டார்கள் தெரியுமா? வீடற்றோர் விடுதியில் தொண்டு செய்வது, நாடகத் தேர்வுக்குப் போவது, ஐஸ் ஹாக்கிப் பயிற்சி, வானத்து நட்சத்திரங்களைப் பார்ப்பது. இதற்கு மாறாக, டல்லாஸ் நகரத்தின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்தில் தப்பித்துக்கொண்டது. அதில் விதிவிலக்குகளின் பட்டியல் நீளம்: பெற்றோர் கூட வந்தால் சரி, பெற்றோர் அனுப்பிய வேலையென்றால் சரி, சம்பளத்துக்கு வேலைக்குப் போவதென்றால் சரி, பள்ளி விழா, கோயில் விழா, அவசரம், தன் வீட்டு வாசல் நடைபாதை எல்லாம் சரி.

நல்ல சட்டம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாதது ஒன்றே ஒன்று: காரணமில்லாமல் இருப்பது. பெரியவர்களுக்கு அந்த உரிமை கேள்வியின்றி இருக்கிறது. தூக்கம் வராமல் இரவு பதினொன்றரைக்குத் தெருமுனைவரை நடந்துவிட்டு வரும் ஐம்பது வயதுக்காரரிடம் யாரும் கடிதம் கேட்பதில்லை. பதினாறு வயதுக்காரருக்கு ஒவ்வோர் அடிக்கும் ஒரு காரணம் வேண்டும். அதை இருட்டில், சீருடை போட்டவரிடம் நிரூபிக்கவும் வேண்டும். வளர்வது என்பதில் பெரும்பகுதி காரணமில்லாமல் நடப்பதுதான். நண்பனோடு பேசிக்கொண்டே அவன் வீடுவரை போய், பேச்சு முடியாததால் அவனும் நம் வீடுவரை வந்து, மறுபடி பாதி தூரம் போகும் அந்த நடையை எந்த விதிவிலக்குப் பட்டியலில் எழுதுவது?

காரணம் கேட்கும் சட்டம் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்பதுமில்லை. அமெரிக்க நகரங்களில் அது யாரை நிறுத்துகிறது என்பது பிள்ளையின் நிறத்தைப் பொறுத்தது. ஊரடங்குக் கைதுகளில் கறுப்பினப் பிள்ளைகளின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்கிருக்கும் பங்கைவிட அதிகம். காரணம் கேட்பதோடு நிற்காமல் தலைகளை எண்ணும் புதிய முறை ஒன்றையும் வாஷிங்டன் 2025 கோடையில் கொண்டுவந்தது. காவல்துறை அறிவிக்கும் பகுதிகளில் இரவு 8 மணிக்குப் பிறகு பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஒன்பது பேரோ அதற்கு மேலோ கூடி நிற்கக் கூடாது என்றது. எட்டுப் பேர் நிற்கும்வரை நட்பு. ஒன்பதாவது ஆள் வந்து தோளில் கை போட்டதும் அது சட்டவிரோதக் கூட்டம். 144 தடையுத்தரவும் ஐந்து பேர் கணக்கும் அறிந்த நமக்கு இந்தக் கூட்டல் புதிதில்லை. கலவர நேரத்துக்கென்று வைத்த கணக்கை வளர்ந்துவரும் பிள்ளைகளின் மீது கோடை முழுவதும் விரிப்பதுதான் புதிது.

பெற்றோரின் பயத்தைக் கேலி செய்துவிட்டு இதைப் பேச முடியாது. 2022 மே மாதம் சிகாகோவின் மில்லேனியம் பூங்காவில், பிள்ளைகள் திரளாகக் கூடியிருந்த ஒரு சனிக்கிழமை மாலையில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் சுட்டுக்கொல்லப்பட்டான். சில நாட்களில் மாநகராட்சி வார இறுதி ஊரடங்கை 11 மணியிலிருந்து 10 மணிக்கு முன்தள்ளியது. பிள்ளையை இழந்த ஊரிடம் புள்ளிவிவரம் பேசுவது எளிதல்ல. எதையாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு நியாயமானது. ஆனால் அந்தச் சாவு நடந்தது மாலையில். பத்து மணிக்கு வெகுநேரம் முன்பே. மூன்று ஆண்டுகள் கழித்து, நினைத்த நேரத்தில் ஊரடங்கு அறிவிக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தர அதே மாநகராட்சி தீர்மானம் போட்டபோது, மேயர் பிராண்டன் ஜான்சன் அதைத் தடுத்துவிட்டார். டெக்சாஸ் மாநிலம் 2023இல் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த நகராட்சியும் இத்தகைய சட்டம் வைத்திருக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. ஒரு காலத்தில் டல்லாஸ் முன்மாதிரியாக நின்ற மாநிலம் அது.

ஊரடங்கை ஆதரிப்பவர்கள் கடைசியில் காட்டும் ஊர் ஐஸ்லாந்து. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. அங்கே பன்னிரண்டு வயதுவரையுள்ள குழந்தைகள் இரவு 8 மணிக்கு மேலும், பதின்மூன்றிலிருந்து பதினாறு வயதுவரையுள்ளவர்கள் 10 மணிக்கு மேலும் துணையில்லாமல் வெளியே இருக்கக் கூடாது. மே முதல் செப்டம்பர் தொடக்கம்வரை இரண்டு மணி நேரம் கூடுதல். கோடையின் உச்சத்தில் அங்கே நடுநிசியிலும் வானம் முழுசாக இருட்டுவதில்லை. சமையலறைக் குளிர்பெட்டிக் கதவில் இந்த நேரங்கள் அச்சிட்ட காந்த வில்லைகள் ஒட்டியிருக்கும். 1998இல் பதினைந்து, பதினாறு வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்து போதையேறியதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம்.

இந்த வீழ்ச்சியைச் சட்டத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்த ஆண்டுகளில் ஐஸ்லாந்து செய்தவற்றை வரிசையாகப் பார்த்தால், கடிகாரம் அதில் மிகச் சிறிய பகுதி. மதுவுக்கும் புகையிலைக்கும் விளம்பரத் தடை இருந்தது. இருபது வயதுக்குக் கீழே மது விற்கவும் தடை இருந்தது. விளையாட்டுக்கும் இசைக்கும் நடனத்துக்கும் அரசு பணம் கொட்டியது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளையும் சேர முடிகிற மாதிரி தலைநகரம் குடும்பங்களுக்கு உதவித்தொகை தந்தது. சமூகவியலாளர் இங்கா தோரா சிக்ஃபுஸ்தோத்திரும் அவரோடு வேலைபார்த்தவர்களும் பள்ளிதோறும் பிள்ளைகளையே திரும்பத் திரும்பக் கேட்டு, கிடைத்த விடையை அந்தந்த ஊருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளி இரவுகளில் அம்மா அப்பாக்கள் கூட்டாகத் தெருவில் நடந்தார்கள். தடியும் விசிலும் இல்லை. சும்மா நடை. நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள நாட்டில், அப்படி நடந்து வருகிறவர் நம் வகுப்புத் தோழியின் அம்மாவாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. வாஷிங்டன் பிள்ளைகளை உள்ளே அனுப்பியது. ஐஸ்லாந்து பிள்ளைகளை உள்ளே அனுப்பிய கையோடு பெரியவர்களை வெளியே அனுப்பியது. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம்.

தமிழ்நாட்டில் இதைப் படிக்கிறவருக்கு, நம்மிடம் அப்படித்தானே இருந்தது என்று தோன்றலாம். தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். பாதி ராத்திரியில் பாய்மீது தூங்கிப்போன பிள்ளையும், தூங்காமல் ஒப்பனைக் கொட்டகையை எட்டிப்பார்க்கும் பிள்ளையும் ஊரார் கண்ணெதிரேதான் இருப்பார்கள். நேரங்கெட்ட நேரத்தில் முக்கில் நிற்கும் பையனை டீக்கடைக்காரர் கேட்பார்: “நீ யாரு வீட்டுப் பிள்ளைப்பா?” அந்தக் கேள்வி போதும், பையன் நடையைக் கட்டிவிடுவான். அபராதமில்லை, வழக்கில்லை, கைதில்லை. சட்டம் செய்ய முடியாததை அந்த ஒரு கேள்வி செய்தது என்று எழுதி முடித்துவிட்டால் கட்டுரை அழகாக இருக்கும்.

ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சாதி என்பது அது. சேரியிலிருந்து வரும் பையன் ஊர்த்தெருவில் எந்த நேரத்தில் நின்றாலும் நேரங்கெட்ட நேரம்தான். 2015இல் திருச்செங்கோடு மலைக்கோயிலில், பட்டப்பகலில், ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த தலித் இளைஞரைப் பார்த்த கண்களும் ‘ஊரின் கண்கள்’தான். அவர் கடத்தப்பட்டார், உடல் ரயில் தண்டவாளத்தில் கிடைத்தது. ஜேக்கப்ஸின் தெருவில் கண்கள் காக்கின்றன. நம் தெருவில் கண்கள் காக்கவும் செய்யும், காட்டிக்கொடுக்கவும் செய்யும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பதினேழு வயது தலித் மாணவன் வெட்டப்பட்டது தெருவில் அல்ல. இரவு நேரத்தில், ஊரடங்கு எதிர்பார்க்கிற இடத்தில், தன் வீட்டுக்குள் அவன் இருந்தான். வெட்ட வந்தவர்கள் கூடப் படித்தவர்கள். அவர்கள் கிளம்பிய நேரத்துக்குத் தடை போட்டிருந்தால் அந்த இரவு அவன் தப்பியிருக்கலாம். அதற்கு முன்னால் பள்ளியில் பகல் முழுவதும் வளர்ந்த பகையை எந்த மணிக்கு அடைப்பது?

நம் பதின்வயதினரில் பாதிப் பேருக்கு எழுதாத ஊரடங்கு ஏற்கெனவே இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு விளக்கு வைக்கிற நேரம்தான் எல்லை. அதன் கடுமையான வடிவத்தைக் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பார்த்தோம். ஏழைக் குடும்பங்களின் பதின்வயதுப் பெண்கள், மூன்று வருடம் வேலைபார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்ற வாக்குறுதியில், ஆலை வளாகத்து விடுதிகளில் தங்கவைக்கப்பட்டார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கை உட்படப் பலரும் பதிவு செய்தது இது: வெளியே போகத் தடை, எப்போதாவது போனாலும் வார்டனின் துணையோடு, தொலைபேசிக்குக் கட்டுப்பாடு, ஆனால் இரவு ஷிஃப்ட் உண்டு. இருட்டியபின் வாசலைத் தாண்டினால் ஆபத்து என்று பூட்டப்பட்ட அதே பெண், நள்ளிரவில் நூற்பு இயந்திரத்தின் முன் நிற்கலாம். பாதுகாப்பு என்ற பெயரில் பூட்டுகிறவருக்கு அந்தப் பிள்ளையின் இரவால் என்ன லாபம் என்று கேட்டுப் பழக வேண்டும். டல்லாஸ் பட்டியலும் சம்பளத்துக்குப் போகிற பிள்ளையை விட்டுவிடுகிறது என்பது நினைவுக்கு வருகிறது. உழைப்புக்காக என்றால் இரவு பிள்ளைகளுக்குத் திறந்துவிடுகிறது. சந்தோஷத்துக்காக என்றால் மூடிக்கொள்கிறது.

ஆக, சட்டத்தின் கேள்வியும் சரியில்லை, ஊரின் கேள்வியும் சரியில்லை. எங்கே போகிறாய் என்பது ஒன்று, யார் வீட்டுப் பிள்ளை என்பது மற்றொன்று. இரண்டுமே பிள்ளைக்குத் தெருவில் இருக்கும் உரிமையை அது சொல்லும் பதிலில் தொங்கவிடுகின்றன. இந்தக் கேள்விகள் தேவைப்படாத அளவுக்குத் தெருவில் ஆள் இருந்தால் போதும். அதற்கு வழி தெரியாமல் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019இல் ஆணையிட்டது. 2022இல் அதை நீட்டித்தது. பெரிய கடைக்குக் கிடைத்த அந்த அனுமதி தள்ளுவண்டி இட்லிக்கடைக்கும் டீக்கடைக்கும் எட்டுவதில்லை. பதினொரு மணியானால் ரோந்து ஜீப் வந்து நின்று, அடுப்பை அணைக்கச் சொல்கிறது. அடுப்பு அணைந்ததும் வெளிச்சமும் போய், நின்றிருந்த நாலு பேரும் போய்விடுகிறார்கள். அதற்கு அப்புறம் அந்த வழியாக நடந்து வரும் பெண்ணுக்கோ பையனுக்கோ என்ன நேர்ந்தாலும், இந்நேரத்தில் ஏன் வெளியே வந்தாய் என்ற கேள்வி மட்டும் தயாராக இருக்கும்.

பதின்வயதினருக்கு ஊரடங்குச் சட்டம் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் பதில். அதில் எனக்குத் தடுமாற்றமில்லை. எவ்வளவு நேரம்வரை என்பதை அந்தந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் பிள்ளையும் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். அந்தச் சண்டையும் வளர்ப்பின் ஒரு பகுதி. ஆனால் ‘வேண்டாம்’ என்பது இலவசமாகக் கிடைக்கும் கருத்தில்லை. மூன்று மணிக்கு மைதானத்தைத் திறந்துவைக்கும் செலவை நகராட்சியிடம் கேட்க வேண்டும். பதினொரு மணிக்கு டீக்கடையை மூடச் சொல்லும்போது ஏன் என்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவில் செருப்பை மாட்டிக்கொண்டு நாமே தெருமுனைவரை போய் நிற்கவும் வேண்டும். யாரையும் எதுவும் கேட்காமல் நிற்கத் தெரிய வேண்டும். அதுதான் கடினமான பகுதி. வீட்டுக்குள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தபடி பிள்ளைகளின் சுதந்திரத்தை ஆதரிப்பதும், அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர்களை விரட்டச் சொல்வதும் தெருவுக்கு ஒன்றுதான். இரண்டு வகையிலும் தெருவில் நாம் இல்லை.